பட்டியலை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

கோவை அடுக்ககங்களில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா, தங்கச்சிகளே, அண்ணன், தம்பிகளே,

லிஃப்டிலும் மாலை நடையிலும் நாம் பேசிக்கொள்வதில் பாதி காய்கறி விலைதான். எந்தச் செயலியில் எவ்வளவு தள்ளுபடி, எந்த சூப்பர் மார்க்கெட்டில் எந்தக் கிழமை விலை குறைப்பார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் அத்துபடி. இந்த மாதம் தொண்டாமுத்தூர்க் காட்டிலும் கிணத்துக்கடவுக் காட்டிலும் என்ன காய்க்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. காய்ச் செலவு குறைய வேண்டுமென்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி. நான் தக்காளிக் காட்டில் வளர்ந்தவள். இப்போது உங்களைப் போலவே மாடி வீட்டில் குடியிருந்து காய் வாங்கித் தின்கிறவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முருங்கைக்காயை எடுத்துக்கொள்வோம். பங்குனி, சித்திரையில் மரம் இலை தெரியாமல் காய்த்துத் தொங்கும். கிலோ 20 ரூபாய்க்குக் கீழே இறங்கும். வண்டி வாடகைக்கே கட்டவில்லை என்று அரவக்குறிச்சிப் பக்கத்து விவசாயிகள் புலம்புவதும் அப்போதுதான். ஐப்பசி மழையிலும் அதற்குப் பின் வரும் பனியிலும் பூ உதிர்ந்துபோவதால் கார்த்திகை, மார்கழியில் வரத்து படுத்துவிடும். கிலோ 200 ரூபாயைத் தாண்டிய மார்கழிகள் பல உண்டு. பத்து மடங்கு வித்தியாசம். எந்தக் கூப்பனும் இதை ஈடுகட்டாது. ஆனாலும் மார்கழியில் நம் வீடுகளில் முருங்கைக்காய் சாம்பார் நிற்பதில்லை. காரணம், பட்டியலில் அது இருக்கிறது.

தக்காளி 2 கிலோ, பீன்ஸ் அரைக் கிலோ, கேரட் அரைக் கிலோ, முருங்கை 4, கத்தரி கால் கிலோ. ஆடியானாலும் தையானாலும் இதே பட்டியல்தான். செயலி வேறு போன வாரம் வாங்கியதை ஞாபகம் வைத்து, மறுபடி வாங்கச் சொல்லி நீட்டுகிறது. சமையலை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு காயைத் தேடிப் போகிறோம். நம் அம்மாக்கள் சந்தைக்குப் போய்வந்த பிறகுதான் என்ன குழம்பு என்று யோசித்தார்கள். அவர்கள் கையில் காசு நின்றதற்கு அந்த வரிசைதான் காரணம். பேரம் பேசும் சாமர்த்தியமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த வரிசைக்குத் திரும்ப, கோவைப் பக்கத்துக் காட்டுக் கணக்கு கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். மார்கழி, தை அவரைக்கும் மொச்சைக்கும் பச்சைத் துவரைக்கும் உரிய காலம். பகல் குறைந்து பனி இறங்கினால்தான் நாட்டு அவரை நன்றாகப் பூக்கும். பனங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, கருணை, சேனை, அரசாணிக்காய் எல்லாம் அப்போதுதான் குவியும். பொங்கலன்று ஏழு காய், ஒன்பது காய் போட்டுக் குழம்பு வைக்கிறோமே, அந்தக் காய்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். அந்த மாதத்தில் மலிவாகக் கிடைப்பவைதான் அத்தனையும். பெரிய நெல்லியும் இந்தப் பனிக்காலத்துச் சரக்கு. அரசாணிக்காயை முழுதாக வாங்கினால் காம்போடு வாங்குங்கள். வெட்டாமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் இருக்கும்.

மாசி, பங்குனியில் மாவடு வரும், தக்காளி மலியும். சித்திரை, வைகாசி முருங்கைக்கும் மாங்காய்க்கும் வெள்ளரிக்கும் நுங்குக்கும் உரியவை. மாம்பழம் என்றதும் சேலம், கிருஷ்ணகிரி என்கிறோம். ஆனால் நமக்கு முந்தி வருவது முதலமடை மாம்பழம். ஊர் கேரளத்தில் இருந்தாலும் பொள்ளாச்சியை ஒட்டித்தான் இருக்கிறது. பக்கத்துக் காடு என்று நான் சொல்வதற்கு மாவட்ட எல்லையையோ மாநில எல்லையையோ பார்க்க வேண்டாம். காலையில் பறித்து மதியத்துக்குள் வந்து சேருகிற தூரம் எல்லாம் பக்கம்தான். அந்தக் கணக்கில் நீலகிரி கேரட்டும் முட்டைக்கோசும் மேட்டுப்பாளையம் வழியாக வருகிற நமக்குப் பக்கத்துக் காய்தான்.

ஆடிக் காற்றில் நாவல் உதிரும். ஆவணியிலிருந்து சீத்தாப்பழம். பீர்க்கு, புடலை, பாகல், சுரை என்ற பந்தல் காய்கள் ஏறக்குறைய வருஷம் பூராவும் ஏதாவதொன்று வந்துகொண்டிருக்கும். மற்றவை விலை ஏறும்போது இவைதான் கைகொடுக்கும். நம் பிள்ளைகளுக்குப் பிடிக்காத பட்டியலிலும் இவையே முதலில் நிற்கின்றன, அதை என்ன சொல்ல.

இளைத்த மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் கீரை அழுகும், பூ கொட்டும், வண்டி வராது. எல்லாக் காயும் விலை ஏறும். இந்த இரண்டு மாதமும் காயைக் குறைத்துப் பயறைக் கூட்டுங்கள். கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு இருக்கும் வீட்டில் மழைக்காலக் காய் விலை பெரிதாகத் தெரியாது. வாழைத்தண்டும் வாழைப்பூவும் மழைக்கு அஞ்சாதவை. மழை விட்டதும் காட்டோரத்தில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையைக் கட்டுக் கட்டி எடுத்து வருவார்கள். விதைப்புச் செலவு இல்லாத கீரை அது. விலையும் அப்படித்தான் இருக்கும். கிடைத்தால் விடாதீர்கள்.

தக்காளிக்குத் தனியாகவே எழுத வேண்டும். நம் பட்ஜெட்டை உடைப்பது பெரும்பாலும் அதுதான். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது உங்களுக்கு நினைவிருக்கும். வேறு வருடங்களில் இதே தக்காளியை, பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று பாலக்கோட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் செடியிலேயே விட்டிருக்கிறார்கள், சாலையோரம் கொட்டியிருக்கிறார்கள். நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும் செடி. விலை ஏறுகிறது என்றதும் ஊரே நாற்று நடும். எல்லாருடைய காயும் ஒன்றாகப் பழுக்கும்போது மண்டியில் பெட்டி கேட்பாரில்லை. நொந்துபோய் அடுத்த போகம் பாதிப் பேர் நட மாட்டார்கள். மழையும் சேர்ந்துகொண்டால் மறுபடி விலை ஏறும். ஏறும்போது பதறுகிறோம், இறங்கும்போது கவனிப்பதே இல்லை.

ஏறும்போது செய்ய வேண்டியது எளிது: வாங்காதீர்கள். தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. அது இங்கே வருமுன்பே நாம் குழம்பு வைத்துக்கொண்டுதான் இருந்தோம். புளி இருக்கிறது, மாங்காய் இருக்கிறது, எலுமிச்சை, நெல்லி, புளித்த மோர் இருக்கின்றன. தக்காளி இல்லாத ரசம் ரசமில்லையா? மோர்க்குழம்பும் கொள்ளு ரசமும் வாரத்தில் ஆளுக்கு ஒரு நாளைப் பார்த்துக்கொள்ளும். இறங்கும்போது செய்ய வேண்டியதற்குத்தான் கொஞ்சம் உழைப்பு வேண்டும். மண்டியில் தக்காளி பெட்டிக் கணக்கில் போகிறது. ஒரு பெட்டி சுமார் 14, 15 கிலோ. ஒரு வீட்டுக்கு அதிகம், நான்கு வீட்டுக்குச் சரி. கெட்டியானதைத் தனியே எடுத்து வையுங்கள். பழுத்ததை அன்றைக்கே தொக்காக்குங்கள். மீதியை அரிந்து உப்புப் பிசறி மொட்டைமாடியில் காய வையுங்கள். நம் மொட்டைமாடிகள் சோலார் தகட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மட்டும்தான் என்று யார் சொன்னது?

எங்கே வாங்குவது என்பதற்கு வருகிறேன். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அப்போதைய முதல்வர் கருணாநிதி முதல் உழவர் சந்தையைத் திறந்தார். பஞ்சாபில் 'அப்னி மண்டி'யும் ஆந்திராவில் 'ரைத்து பஜா'ரும் அதற்கு முன்னோடிகள். இன்று தமிழ்நாட்டில் 180க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இருக்கின்றன. நம் ஊரிலேயே ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, சுந்தராபுரம் என்று நான்கு திசையிலும் உண்டு. ஆட்சி மாறியபோது சில வருடங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்து, பிறகு உயிர்பெற்றவை. ஒவ்வொரு கட்சிக்கும் அதில் ஒவ்வொரு கதை. எனக்கு அதில் அக்கறையில்லை. அங்கே கடைக்கு வாடகை கிடையாது. தராசை நிர்வாகமே கொடுக்கிறது. வேளாண், தோட்டக்கலை அதிகாரிகள் காட்டைப் பார்த்து, இவர் விவசாயிதான் என்று உறுதி செய்து அட்டை கொடுக்கிறார்கள். மொத்தச் சந்தை விலையை விடியுமுன் விசாரித்து, அதற்கு மேலே, வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழே ஒரு விலை வைத்துப் பலகையில் எழுதுகிறார்கள். மண்டியில் போட்டால் கிடைப்பதைவிட விவசாயிக்குக் கூடுதல், தெருமுனைக் கடையைவிட நமக்குக் குறைவு.

அந்தப் பலகையை அங்கே போகாத நாளிலும் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செயலியில் போட்டிருக்கும் 'பாதி விலை' எதில் பாதி என்பது அப்போது விளங்கும்.

அட்டை வாங்கியவர் எல்லாம் விவசாயி என்று நான் சாதிக்கமாட்டேன். வியாபாரிகள் நுழைந்துவிடுவது பற்றிய புகார் சந்தை தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கத்தரி, கேரட், பெரிய வெங்காயம், இஞ்சி, பட்டாணி எல்லாம் ஒரே மேடையில் அடுக்கியிருந்தால் அது ஒரு காட்டில் விளைந்ததாக இருக்காது. இரண்டு மூன்று சரக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதிலும் சிறியதும் பெரியதும் கோணலும் கலந்து கிடந்தால் அங்கே நில்லுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஊருங்க? எப்பப் பறிச்சதுங்க? அடுத்த வாரம் என்ன வருமுங்க? முதல் இரண்டுக்கு யாரும் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்குக் காடு வைத்திருப்பவரால்தான் பதில் சொல்ல முடியும். "பீர்க்கு முடிஞ்சுதுங்க அம்மிணி, பாவக்கா பிஞ்சு விட்டிருக்குது, பத்து நாளாகும்" என்று வருகிற பதில்தான் உங்களுடைய அடுத்த வாரச் சமையல் குறிப்பு.

பக்கத்திலிருந்து வாங்குவதில் விலையைத் தவிர இன்னொரு லாபமும் இருக்கிறது. நேற்று மாலை பறித்த வெண்டை நான்கு நாள் வாடாமல் இருக்கும். எங்கேயோ பறித்து, கிடங்கில் இறங்கி ஏறி, பிளாஸ்டிக் தாளுக்குள் வியர்த்துக்கொண்டு வருகிற வெண்டை வாங்கிய மறுநாளே கறுக்கத் தொடங்கும். குப்பைக் கூடையில் போகிற கால் கிலோவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இடைத்தரகர் என்றாலே கொள்ளைக்காரர் என்று பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேருவது சுமார் 33 பைசா என்கிறது. வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. படிக்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் மீதிப் பைசா முழுவதும் ஒருவர் பைக்குப் போவதில்லை. பெட்டி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, மண்டிக் கமிஷன், வழியில் நசுங்கிய சேதாரம், கடை வாடகை, இப்போது புதிதாக உங்கள் வாசல்வரை வண்டி ஓட்டி வருகிற பையனின் கூலி, எல்லாம் அதில் அடக்கம். விதைக்கும் உரத்துக்கும் அவசரத்துக்கும் முன்பணம் கொடுக்கிறவரும் பல ஊர்களில் அந்த மண்டிக்காரர்தான். காலையில் எழுந்து பையைத் தூக்கிப் போனால் அந்தச் செலவில் ஒரு பங்கை நாம் மிச்சம் பிடிக்கிறோம்; அடுப்பில் எண்ணெய் காயும்போது பத்து நிமிடத்தில் கொத்தமல்லி வேண்டுமென்றால் அதற்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டையும் ஒன்றாக எதிர்பார்ப்பதுதான் நியாயமில்லை.

மளிகைக்கும் பருவம் உண்டு என்பதை இப்போது அநேகமாக மறந்தே போனோம். புதுப்புளி வருவது மாசி, பங்குனியில். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து மிளகாய் வருவதும் ஏறக்குறைய அப்போதுதான். துவரையும் கொத்தமல்லியும் தை, மாசியில். ஈரோட்டுக்குப் புதுமஞ்சள் வரத் தொடங்குவது தைக்குப் பிறகு. அந்தக் காலத்தில் வருஷ சாமான் என்று கோடையில் மொத்தமாக வாங்கி, வெயிலில் காயவைத்து, டின்னில் அடைத்தார்கள். மாதம் மாதம் 200 கிராம் பாக்கெட்டாக வாங்கும் புளிக்கும் மிளகாய்த்தூளுக்கும் நாம் கொடுப்பதில் பாக்கெட்டின் விலையும் விளம்பரத்தின் விலையும் சேர்ந்திருக்கின்றன. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு எத்தனை கிலோ மிளகாய், எத்தனை கிலோ மல்லி செல்லும் என்று ஒருமுறை கணக்கெடுங்கள். நான்கு குடும்பம் சேர்ந்து மொத்தக் கடையிலோ விளைகிற இடத்திலோ வாங்கி, மில்லில் அரைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். கொட்டை எடுத்த புளியைக் கல்லுப்புப் போட்டு அடைத்தால் வருஷம் தாண்டியும் கெடாது. நாட்டுச் சர்க்கரைக்குக் கவுந்தப்பாடி இருக்கிறது. பழநி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகிறது. சின்ன வெங்காயத்தை மட்டும் மாடி வீட்டில் அதிகம் சேர்க்காதீர்கள். காட்டில் பட்டறை போட்டுக் காற்றோட்டமாக வைப்பதுபோல் நம் வீட்டு ஸ்டோர் ரூமில் வைக்க முடியாது.

சில விஷயங்களில் உங்களை எச்சரிக்கவும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காரில் ஆலாந்துறை, நரசீபுரம் என்று போய், தோட்டத்தில் படமெடுத்து, இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கி வருவது நல்ல பொழுதுபோக்கு. அதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் காசு சிரிக்கும். அதேபோல், பக்கத்துக் காட்டில் விளைந்தது என்பதாலேயே மருந்தடிக்காத காய் என்று ஆகிவிடாது. இயற்கை விவசாயம் வேண்டுமென்றால் அதை வெளிப்படையாகக் கேளுங்கள். அதற்குரிய விலையையும் கொடுங்கள். பனையோலைக் கூடையும் பழுப்புக் காகிதமும் பார்த்து மயங்கினால் செலவு குறையாது, கூடும். மலிவாக இருக்கிறதே என்று ஐந்து கட்டுக் கீரை வாங்கி மூன்று கட்டை அழுகவிடுவதும் நஷ்டம்தான்.

பேரம் பற்றியும் ஒரு வார்த்தை. சூப்பர் மார்க்கெட்டில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டோடு நாம் பேரம் பேசுவதில்லை. கட்டுக்குப் பத்து ரூபாய் சொல்லும் கீரைக்காரம்மாவிடம் எட்டு ரூபாய்க்குக் கேட்கிறோம். அந்த இரண்டு ரூபாயில் நம் மாதக் கணக்கு தேறப்போவதில்லை. பருவத்துக் காயாகப் பார்த்து வாங்குகிறவருக்கு அந்தப் பேரம் தேவையே இல்லை.

இனி நம் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். விவசாயி ஒருவரை வாரம் ஒருநாள் நம் வாசலுக்கே வரச் சொல்லலாம் என்று கூட்டத்தில் யாராவது பேச்செடுப்பார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள். மூன்றாவது வாரம் வாங்க ஆள் இருக்காது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காலையில் ஊருக்குப் போய்விடுவது, தக்காளி சின்னதாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பது, காசை அடுத்த வாரம் தருகிறேன் என்பது, இதெல்லாம் நடக்கிறது. 'சின்ன யானை' வண்டிக்கு வாடகை கொடுத்துக் காயைக் கொண்டுவந்தவர், மிச்சத்தைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனால் அதை எந்த மண்டியும் வாங்காது. அவருக்கு அன்றைக்கு மண்டியே மேல் என்றாகிவிடும். அதனால் முப்பது வீடாவது உறுதியாகச் சேர்ந்தால்தான் கூப்பிடுங்கள். இன்னின்ன காய் வேண்டும் என்று கேட்காமல், அந்த வாரம் காட்டில் உள்ளதை ஒரே விலைக்கு ஒரு பையாகக் கேளுங்கள். வாங்கும்போதே பணம் கொடுங்கள். ஊருக்குப் போனால் உங்கள் பையைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். மழையில் பை இளைத்துப்போகும் வாரங்களிலும் விட்டுவிடாதீர்கள். சித்திரையில் அவர் அதற்குச் சேர்த்துப் போடுவார்.

சங்கம் கூடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வரும் சனிக்கிழமை உங்களுக்குப் பக்கத்திலுள்ள உழவர் சந்தைக்கு வந்து பாருங்கள். விடியுமுன்பே திறந்துவிடுவார்கள், மதியத்தோடு முடிந்துவிடும். வெயில் ஏறியபின் வந்தால் நல்ல கீரை இருக்காது. துணிப்பை இரண்டு, கொஞ்சம் சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் வேண்டாம். வாசலில் இருக்கும் விலைப்பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துவிட்டு, அன்றைக்கு எது மலிவோ அதை வாங்கிக்கொண்டு போய்ச் சமையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து அடுக்ககத்துக்காரி